பேட்டைக்காரனின் கண்

போட்டியைச் சொல்லும் கதை எதுவானாலும் நாம் முதலில் கேட்பது 'ஏன்' என்ற கேள்வியைத்தான். ஏன் இவன் அவனுக்குக் கேடு நினைத்தான்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் காரணம் கிடைத்த மறுகணமே நாம் அந்தப் பாத்திரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். வங்கியில் வேலை செய்பவனுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. வவுச்சரில் 'விவரம்' என்ற கட்டத்தில் ஏதாவது எழுதியிருந்தால் போதும், காகிதம் மேலே நகர்ந்துவிடும். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. விமர்சனத்திலும் 'பொறாமை', 'ஆணவம்', 'அதிகார வேட்கை' என்று அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டுப் பாத்திரத்தை நகர்த்திவிடுகிறோம்.

பெரிய சிருஷ்டிகர்த்தாக்கள் காரணத்தை இப்படிக் கையாள்வதில்லை. வால்மீகி சொல்லாத ஒரு காரணத்தைக் கம்பன் கூனிக்குக் கொடுக்கிறான். சிறுவயதில் ராமன் விளையாட்டாக எய்த மண்ணுண்டை அவள் முதுகில் பட்டது, அவள் மறக்கவில்லை. இது காரணத்தை விளக்குவதற்காகச் செய்த காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓர் உண்டை மண்ணுக்கும் 14 வருஷ வனவாசத்துக்கும் இடையில் இருக்கும் பொருத்தமின்மையை நம் கண்முன் வைப்பதற்காகவே கம்பன் அதைச் செய்திருக்கிறான். ஷேக்ஸ்பியரின் இயாகோ இதற்கு நேர் எதிர். பதவி கிடைக்கவில்லை என்கிறான், மனைவிமேல் சந்தேகம் என்கிறான், இன்னும் ஏதேதோ சொல்கிறான். ஒரு காரணத்தை அடுத்த காரணம் தள்ளுபடி செய்கிறது. அவன் காரணத்தைத் தேடி அலைகிறான் என்று கோல்ரிட்ஜ் கண்டது கல்லூரியில் எங்களுக்குப் பரீட்சைக் குறிப்பாக வந்து சேர்ந்தது. அது வெறும் குறிப்பு அல்ல என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷங்கள் ஆயின.

நம் சினிமா இந்தச் சிக்கலை வெகுகாலம் தவிர்த்தே வந்தது. 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் (1958) இரண்டு நாட்டியக்காரிகள் மோதும்போது வீரப்பா போடும் சபாஷ் இன்றும் நம் வாயில் இருக்கிறது. அது வேடிக்கை பார்ப்பவனின் குரல். ஆடுகிறவர்களின் மனத்துக்குள் போக அதற்கு அவசியம் இல்லை. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) இன்னும் நுட்பமான படம். சண்முகசுந்தரத்திடம் கர்வம் உண்டு, சந்தேகம் உண்டு. ஆனால் கேடு என்று வரும்போது அதைச் சுமந்து வர வைத்தி என்று ஒரு வெளியாள் தேவைப்படுகிறான். போட்டியாளர்கள் இருவரும் கைகழுவிக்கொண்டு மணவறைக்குப் போகிறார்கள். கலைஞனின் மனத்துக்குள்ளேயே, அவன் வித்தையின் அடிவேரிலேயே கேடு ஊறக்கூடும் என்ற பிரக்ஞை அந்தப் படங்களுக்கு இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவை வேறு காரியத்தில் ஈடுபட்டிருந்தன.

இந்தப் பிரக்ஞையோடு வந்த படம் என்று நான் கருதுவது வெற்றிமாறனின் 'ஆடுகளம்'. அது 2011 பொங்கலுக்கு வந்தபோது நான் பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கடலூரில் ஒரு தியேட்டரில், விசிலுக்கும் கைதட்டலுக்கும் நடுவே, கருப்பின் பக்கம் நின்று பார்த்தேன். சென்ற வருஷம் ஓர் இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு மறுபடியும் பார்த்தேன். கருப்பின் சேவல் ஜெயிக்கும் இடத்தில் இந்தத் தடவை எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பேட்டைக்காரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் மாறவில்லை. இடையில் என் வாழ்க்கையில் ஒன்று நடந்திருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

படத்தில் இரண்டு போட்டிகள் இருக்கின்றன. முதலாவது, மதுரைப் பக்கத்துச் சேவல்கட்டில் பெயர்பெற்ற பேட்டைக்காரனுக்கும் அவரிடம் தோற்றுக்கொண்டே வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் ரத்தினசாமிக்கும் இடையில் நடப்பது. மகன் ஒரு தடவையாவது ஜெயிப்பதைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்பது ரத்தினசாமியின் தாயுடைய ஆசை. காரணம் தெளிவாக இருக்கிறது. நாமே அனுதாபப்படலாம் போல இருக்கிறது. அந்தப் போட்டி படத்தின் பாதியிலேயே தீர்ந்தும் போகிறது. இரண்டாவது, பேட்டைக்காரனுக்கும் அவர் நிழலில் வளர்ந்த கருப்புக்கும் இடையில். ஒரு சேவலைப் பார்த்து, இது தேறாது, அறுத்துவிடு என்கிறார் அவர். கருப்பு அறுப்பதில்லை. அதையே பந்தயத்துக்குக் கொண்டுவருகிறான். இவனுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று ஊரறியச் சொல்கிறார் பேட்டைக்காரன். சேவல் ஜெயிக்கிறது.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் நாசம். அண்ணன் தம்பி போல் இருந்த துரையையும் கருப்பையும் ஒருவர்மேல் ஒருவரை மூட்டிவிடுகிறார். தன் இளம் மனைவியைக் கருப்போடு சேர்த்துச் சந்தேகிக்கிறார்; அவள் அவரை விட்டுப் போகிறாள். எல்லாம் தெரிந்துகொண்ட கருப்பு எதிரே வந்து நிற்கும்போது தன் கழுத்தைத் தானே குத்திக்கொண்டு சாகிறார். இவ்வளவுக்கும் காரணம் என்ன? பொறாமை என்று கட்டத்தை நிரப்பிவிடலாம்தான். ஆனால் பொறாமை என்பது மற்றவனிடம் இருப்பது தன்னிடம் இல்லையே என்ற தாபம். பேட்டைக்காரனிடம் என்ன இல்லை? சீடன் ஜெயித்தால் குரு ஜெயித்த மாதிரிதான் என்று சொல்ல ஊர் தயாராக இருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே ஒரு கை தூக்கியிருந்தால் அந்த வெற்றியில் முக்கால் பங்கு அவருடையதாகியிருக்கும். ஏன் அது அவரால் முடியவில்லை?

பேட்டைக்காரனின் சொத்து சேவல்கள் அல்ல. இது தேறும், இது தேறாது என்று சொல்லும் கண்தான் அவருடைய சொத்து. அந்தக் கண் ஒரு தடவை தப்பிவிட்டது. அதுவும் தன் வாயால் நாலு பேர் கேட்கச் சொன்ன பிறகு தப்பிவிட்டது. கருப்பு ஜெயித்ததை அவரால் பொறுத்துக்கொண்டிருக்க முடியும். அவன் கணிப்பு சரியாக இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆட்டத்தில் தோற்றவனுக்கு அடுத்த ஆட்டம் உண்டு. தீர்ப்புப் பொய்த்தவனுக்கு அப்படி ஒன்று கிடையாது. இனி அவர் எந்தச் சேவலைப் பார்த்து எதைச் சொன்னாலும் அந்த ஒரு சேவல் குறுக்கே வந்து நிற்கும்.

அதனால்தான் அவர் கருப்பைப் பழிவாங்கும் விதம் விசித்திரமாக இருக்கிறது. பந்தயத்தில் அவனை ஜெயித்துக் காட்ட வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வருவதில்லை. அவன் நம்பத்தகாதவன், துரோகி, பெண்விஷயத்தில் சரியில்லாதவன் என்று ஒரு புதிய தீர்ப்பை எழுதுகிறார். பிறகு உலகத்தை அந்தத் தீர்ப்புக்கு ஏற்றபடி வளைக்கிறார். அவர் செய்யும் சூழ்ச்சிகள் எல்லாம் சாட்சியம் தயாரிக்கும் வேலை. சேவலைப் பற்றிச் சொன்னது பொய்யாகிவிட்டது. அதன் சொந்தக்காரனைப் பற்றியாவது தான் சொல்வது மெய்யாக வேண்டும். இப்படிப் பார்த்தால் அவரைக் கெட்டவர் என்பதைவிட, தன் ரசனையைக் காப்பாற்றிக்கொள்ள எந்த எல்லைக்கும் போகத் தயாரான ஒரு விமர்சகர் என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி நோக்குநிலை. படத்தின் முதல் பாதி பெரும்பாலும் கருப்போடு திரிகிறது. அவனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியும். பின்பாதியில் காமிரா மெல்ல மெல்லப் பேட்டைக்காரன் தனித்திருக்கும் இடங்களுக்குப் போகிறது. கருப்புக்கும் துரைக்கும் தெரியாதது நமக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. ஆனால் தெரிவது அவர் என்ன செய்கிறார் என்பது மட்டும்தான். ஏன் என்பதை அவர் யாரிடமும் திறந்து சொல்வதில்லை. அந்த முகம் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலனுடையது, குரல் ராதாரவியுடையது. பின்னணிக் குரல் என்பது நம் சினிமாவின் நடைமுறைச் சௌகரியம்தான், இதில் உள்நோக்கம் தேட வேண்டியதில்லை. ஆனாலும் வாய் ஒன்று பேச, கண் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனுக்கு அது பொருந்திவிட்டது. 58வது தேசிய விருதுகளில் ஜெயபாலனுக்குக் கிடைத்த சிறப்புக் குறிப்பு, அந்த முகம் பேசாமல் சொன்னதற்காகக் கிடைத்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு மறுகோடியில் மிலோஸ் ஃபோர்மனின் 'அமேடியஸ்' (1984) இருக்கிறது. புஷ்கின் 1830இல் ஒரு சிறு நாடகமாக எழுதிய விஷயத்தைப் பீட்டர் ஷாஃபர் 1979இல் பெரிய நாடகமாக்கினார். படம் அதிலிருந்து வந்தது. மனநோயாளிகள் இருக்கும் விடுதியில், முதுமையில், சாலியேரி ஒரு பாதிரியாரிடம் தன் கதையைச் சொல்கிறார். மோசார்ட்டை நாம் சாலியேரியின் வழியாகவே பார்க்கிறோம். அந்த இசை எவ்வளவு உயர்ந்தது என்று நமக்குப் புரியவைப்பதும் அவர்தான். நிஜ சாலியேரி மோசார்ட்டைக் கொன்றார் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. பேத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும், ஏன், மோசார்ட்டின் மகனுக்குமே கற்றுக்கொடுத்தவர் அவர். நிஜ மனிதர் அந்த வதந்தியை மறுத்தார். கற்பனை மனிதருக்கோ குற்றத்தை ஒப்புக்கொள்ள ஒரு முழுப்படம் கிடைத்தது.

சாலியேரியால் எப்படி அவ்வளவு பேச முடிகிறது? அவருக்குக் கடவுள் கொடுக்காதது மேதைமை. காதைக் கொடுத்திருந்தார். மோசார்ட்டைப் பற்றிய அவருடைய தீர்ப்பு கடைசிவரை சரியாகவே இருக்கிறது. மற்ற எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரிகிறது. அந்த நிச்சயத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு அவர் கதை சொல்கிறார். பேட்டைக்காரன் உட்கார அப்படி ஓர் இடம் இல்லை. அவருக்கு வித்தை இருந்தது, போனது கண். கண் போனவன் எங்கிருந்து கதை சொல்வான்? படம் அவர் நோக்கில் சொல்லப்படாததற்கு இதுவே உள்ளார்ந்த தர்க்கம் என்று நினைக்கிறேன். அது உத்தியைப் பற்றிய முடிவாக மட்டும் இருக்க முடியாது.

இப்போது என் விஷயம்.

நான்கைந்து வருஷங்களுக்கு முன் சுரங்கத்தில், நிலத்தடி நீர் இறைக்கும் பிரிவில் வேலை செய்யும் ஒருவர் என் கவுண்டருக்குப் பாஸ்புக் பதிய வருவார். எனக்கு இளையவர். நான் கட்டுரை எழுதுவேன் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, ஒரு நாள் பாஸ்புக்கோடு ஒரு நோட்டையும் நீட்டினார். கவிதைகள். அதிலிருந்து ஆரம்பித்தது. ஷிஃப்ட் முடிந்து வருவார். மெயின் பஜாரில் டீ குடித்துக்கொண்டே வரி வரியாகப் பேசுவோம். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது, இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்துகொள்ளும் என்பதை எனக்குச் சொன்னவர் அவர்தான். நகரியத்தில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்குத் தெரியாது. நான் அவருக்கு எங்கே வரியை உடைப்பது என்று சொல்லிக்கொடுத்தேன்.

அந்த நோட்டில் பம்பு ஓடும் இரவைப் பற்றி ஒரு நீண்ட கவிதை இருந்தது. அதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தளர்வாக இருக்கிறது, கவிதையாகவில்லை என்றேன். "இத கிழிச்சிடுங்க" என்றேன். "சரிங்க சார்" என்றார். அவர் கிழிக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து அது ஒரு சிற்றிதழில் வந்தது. நான் மதிக்கும் மூத்தவர்கள் சிலர் அதைப் பற்றிப் பேசினார்கள், எழுதினார்கள். பிறகு தொகுப்பு வந்தது. முதல் பிரதியை எனக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதற்கு ஒரு மதிப்புரை எழுதினேன். ஆறு பக்கம். அந்த ஒரு கவிதைக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.

அதில் ஒரு பொய் இல்லை. படிமங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்றேன், வருகின்றன. முடிவு நீர்த்துப்போகிறது என்றேன். வரிகளை எடுத்துக் காட்டினேன். யார் கேட்டாலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பதில் சொல்ல முடியும். அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து பக்கத்துக் கவுண்டருக்குப் போக ஆரம்பித்தார். ஒரு நாள் பக்கத்துக் கவுண்டரில் ஆள் இல்லை. என் முன்னால் வரிசையும் இல்லை. அவர் சற்று நேரம் நின்றுவிட்டு வெளியே போய்விட்டார்.

நோக்கம் அசுத்தமாக இருந்தால் சொன்ன உண்மை பொய்யாகிவிடுமா? ஆகாது என்பதுதான் நெடுநாள் என் கட்சியாக இருந்தது. கோபத்தோடு எண்ணினாலும் நூறு ரூபாய் நூறு ரூபாய்தான். இந்தத் தர்க்கத்தில் இன்றும் எனக்குப் பிழை தெரியவில்லை. ஆனால் விமர்சனம் நோட்டு எண்ணும் காரியம் அல்ல. எதைச் சொல்வது, எதை விடுவது, எதை முதலில் வைப்பது, எதற்கு ஒன்றரைப் பக்கம் கொடுப்பது, எதற்கு ஒரு வரி கொடுப்பது என்ற முடிவுகள் வாக்கியத்துக்கு வெளியே எடுக்கப்படுகின்றன. அவற்றை மெய் என்றோ பொய் என்றோ சொல்ல முடியாது. நோக்கம் அங்கேதான் குடியிருக்கிறது. படத்தில் காமிராவை எங்கே நிறுத்துவது என்ற முடிவு இதே மாதிரியானது. சட்டகத்துக்குள் தெரியும் ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தும், அது நிறுத்தப்பட்ட இடமே அவதூறாக இருக்க முடியும். பாத்திரத்தின் நோக்கமும் கதையின் நோக்குநிலையும் இரண்டு தனிப் பிரச்சினைகள் என்றே பாடம் படித்திருந்தேன். என் ஆறு பக்கத்தைத் திரும்பப் படித்தபோதுதான் இரண்டும் ஒரே இடத்தில் முடிச்சிட்டிருப்பது தெரிந்தது.

படத்தின் முடிவுக்கு வருகிறேன். பேட்டைக்காரன் செத்துக் கிடக்கிறார். துரை வருகிறான், கருப்புதான் கொன்றான் என்று நினைக்கிறான். ஒரு வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம். கருப்பு சொல்வதில்லை. துரையின் மனத்தில் தெய்வம் போல் இருப்பவரை அவன் உடைக்க விரும்பவில்லை. காதலியோடு ஓடிப்போகிறான். ஏகலைவன் கட்டைவிரலைக் கொடுத்தான், இவன் தன் பெயரைக் கொடுக்கிறான் என்று 2011இல் சிலிர்த்துக்கொண்டேன். இன்று அவ்வளவு சுலபமாக என்னால் சிலிர்க்க முடியவில்லை. இந்த மௌனத்தின் விலையைத் துரையும் சேர்ந்துதான் கட்டுகிறான். ஒரு பொய்யை நம்பி, ஒரு சகோதரனை வெறுத்து, மிச்ச வாழ்க்கையை அவன் கழிக்க வேண்டும். அவனிடம் யாரும் கேட்கவில்லை.

ஆனாலும் கருப்பு ஒன்றை மறுத்திருக்கிறான். கதை சொல்லும் உரிமை கடைசியில் அவன் கைக்கு வந்தது. அதை வைத்துக் குருவின் மீது தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். அது சரியான தீர்ப்பாகவும் இருந்திருக்கும். சேவல் விஷயத்தில் சரியாக இருந்ததே போதும் என்று விட்டுவிடுகிறான். தான் சரி என்பதை நிரூபிக்காமல் இருக்க முடிந்த ஒரே ஆள் அந்தப் படத்தில் அவன்தான். பேட்டைக்காரனால் முடியாமல் போனது அது. என்னாலும் முடியவில்லை.

இந்தக் கட்டுரையும் சாலியேரியின் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதப்படுகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. குற்றத்தைத் தானே சொல்பவன் அதன் அளவையும் தானே தீர்மானித்துக்கொள்கிறான். நண்பர் இதை எழுதியிருந்தால் பம்பு ஓடும் இரவிலிருந்து ஆரம்பித்திருப்பார். அதில் நான் ஓரமாக வந்து போகும் ஓர் ஆளாக இருந்திருப்பேன். அல்லது வந்திருக்கவே மாட்டேன். அவருடைய நோக்கிலிருந்து எழுத எனக்கு உரிமை இல்லை. மன்னிப்பை அச்சில் கேட்பது கேட்கிறவனுக்கு மட்டுமே சௌகரியம் என்பதால் அதையும் இங்கே செய்யப் போவதில்லை. நேரில் கேட்க வேண்டியது அது.

அந்தக் கவிதையை மறுபடியும் எடுத்துப் படித்தேன். ஒரு தடவை அல்ல, பத்துத் தடவைக்கு மேல். நான் சொன்ன குறைகள் அங்கேயே இருக்கின்றன. அவற்றைத் தாண்டி அது நிற்கிறதா, இல்லையா? நல்லது என்று படும்போது குற்ற உணர்ச்சி சொல்கிறதோ என்று சந்தேகம் வருகிறது. தளர்வு என்று படும்போது பழைய வீம்பு சொல்கிறதோ என்று தோன்றுகிறது. வேறு யாருடைய கவிதையைப் பற்றியும் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. இந்தக் கவிதை தேறுமா தேறாதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.